ரிவி தானாக நூருகிறது, சத்தம் இரண்டு இரண்டாக ஏறுகிறது: எந்தப் பெட்டி குழப்புகிறது?

கொக்குவில் மேற்கு எழுதியது:

வணக்கம். எங்கள் ரிவியோடு பொருத்தியிருக்கிற பெட்டிகள் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன, எது காரணம் என்று பிடிபடவில்லை. விசயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கோ.

என்னென்ன இருக்கிறது என்று முதலில் சொல்கிறேன். ரிவி 43 அங்குலம், பின்னால் மூன்று எச்டிஎம்ஐ வாய் (படமும் ஒலியும் ஒரே வயரால் போகிற இடம்). முதலாவதில் டிஷ் பெட்டி. இரண்டாவதில் ஏஆர்சி என்று எழுதியிருக்கிறது, ரிவியின் ஒலியை வெளியே அனுப்புகிற வழி அது, அதில் சவுண்ட்பார். மூன்றாவதில் மகன் யூடியூப் பார்க்கிற அன்ட்ரொயிட் பெட்டி. சவுண்ட்பார் அண்ணா கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ரிவியின் சொந்தச் சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்பதில்லை, இது வந்த பிறகுதான் செய்தி வாசிப்பவர் சொல்வது விளங்குகிறது என்று சந்தோசப்பட்டார். ஆகவே அதைக் கழற்றி வை என்று மட்டும் சொல்லாதேங்கோ.

பிரச்சினை இதுதான். அப்பா இரவுச் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார், யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள், திடீரென்று படம் போய் அன்ட்ரொயிட் பெட்டியின் முகப்பு வந்து நிற்கும். வேறு சில நாட்களில் ரிவியே நூர்ந்து போகும். அவருக்கு எந்த ரிமோட்டை எடுப்பது என்று தெரியாது, யாராவது வரும்வரை கறுத்த திரையைப் பார்த்தபடி இருப்பார். அதுதான் எனக்கு மனக்கஷ்டமாக இருக்கிறது.

சத்தமும் சரியில்லை. ரிவி ரிமோட்டில் ஒருதரம் அமத்தினால் இரண்டு படி ஏறுகிறது, 14இல் வைக்கலாம், 16இல் வைக்கலாம், 15இல் வைக்க ஏலாது. அதோடு அந்த ரிமோட் கதிரையில் இருந்து அமத்தினால் அநேகமாக வேலை செய்யாது, எழும்பி நின்று கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். கறண்ட் போய் வந்த நாட்களில் எல்லாமே இன்னும் மோசம்.

திருத்துகிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ரிவியின் மெயின் போர்ட் (உள்ளே இருக்கிற பிரதான சுற்றுப் பலகை) பழுது, மாற்ற வேண்டும் என்கிறார். அவ்வளவு காசு செலவழிக்க முதல் இங்கே கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன்.


திருநெல்வேலிச் சந்தி எழுதியது:

போர்ட் மாற்ற வேண்டாம் அக்கா, நீங்கள் சொல்வதில் போர்ட் பழுது மாதிரி ஒன்றும் தெரியவில்லை. இது சிஇசி என்கிற சமாச்சாரம். எச்டிஎம்ஐ வயருக்குள்ளாலேயே ஒரு பெட்டி மற்றப் பெட்டிக்குக் கட்டளை அனுப்புகிற வசதி. ஒவ்வொரு கொம்பனியும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, அதனால்தான் மெனுவில் தேடினால் அகப்படாது. சாம்சங்கில் எனிநெற் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்சில் ஈசிலிங்க். உங்கள் ரிவியில் எது இருக்கிறதோ அதைத் தேடிப் பிடித்து நிறுத்திவிடுங்கோ. ரிவி தானாக நூர்வதும் தானாக மாறுவதும் அதோடு நிற்கும்.


சுன்னாகம் வயர்மன் எழுதியது:

தங்கச்சி, நிறுத்த முதல் கொஞ்சம் பொறுங்கோ. சந்தித் தம்பி சொன்ன காரணம் சரி, ஆனால் அவர் சொன்ன வழியில் போனால் உங்கள் அப்பாவின் சவுண்ட்பார் அடிபடும். ஏஆர்சி வழியாக ஒலி போகிறபோது, ரிவியும் சவுண்ட்பாரும் "இனி ஒலி உன் பக்கம்" என்று பேசி ஒத்துக்கொள்வது இதே சிஇசியால்தான். அநேகமான ரிவிகளில் சிஇசியை நிறுத்தினால் ஏஆர்சியும் போய்விடும், சத்தம் பழையபடி ரிவிக்குள்ளேயே வரும். அப்படிப் போகாத ரிவியிலும், ரிவி ரிமோட்டால் சவுண்ட்பாரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஏலாது, அதற்கு இன்னொரு ரிமோட் வேண்டும். அப்பாவின் கையில் ரிமோட் கூடுவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளங்கிக்கொண்டால் எங்கே கை வைப்பது என்று தானாகத் தெரியும். எச்டிஎம்ஐ முனையில் 19 ஊசி. படம் போவது வேறு ஊசிகளில், ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிப் பாதை. ஆனால் 13ஆவது ஊசி சிஇசிக்குரியது, அது ரிவிக்குள் போய் எல்லா வாய்களுக்கும் பொதுவான ஒரே கம்பியாகச் சேர்ந்துவிடுகிறது. கோயில் திருவிழாவில் ஒரே மைக்கை நாலு அறிவிப்பாளர் மாறி மாறிப் பிடித்துப் பேசுவது போலத்தான், ஒருவர் சொல்வது எல்லோருக்கும் கேட்கும். வேகமும் மிகக் குறைவு, செக்கனுக்கு ஏறக்குறைய 400 பிற் (தரவின் மிகச் சிறிய அலகு). ரிவியை நூர் என்கிற சின்னக் கட்டளை போய்ச் சேரவே 50 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகும். சத்தப் பொத்தானை அமத்திப் பிடித்தால் கட்டளைகள் வரிசையாக நின்று, கையை எடுத்த பிறகும் சத்தம் ஏறிக்கொண்டே போவதைக் கண்டிருப்பீர்கள், காரணம் அதுதான்.

இந்தக் கம்பியில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் உண்டு. ரிவி எப்போதும் 0. சவுண்ட்பார் போன்ற ஒலிச் சாமானுக்கு 5. உங்கள் அன்ட்ரொயிட் பெட்டி போல படம் ஓட்டுகிறவற்றுக்கு 4, 8, 11 என்று மூன்று இடம். பெட்டி எழும்பும்போது "4 யாருக்காவது இருக்கிறதா" என்று கேட்கும், பதில் வராவிட்டால் அதை எடுத்துக்கொள்ளும், பதில் வந்தால் 8க்குப் போகும். கறண்ட் வந்தவுடன் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பினால் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கின்றன. ஒழுங்காகச் செய்த பெட்டி அதைச் சமாளிக்கும், மலிவான பெட்டிகள் சில சமாளிப்பதில்லை. கறண்ட் போய் வந்தால் மோசம் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

இனி உங்கள் அப்பாவுக்கு நடப்பதைப் பாருங்கோ. அன்ட்ரொயிட் பெட்டி நித்திரையிலிருந்து எழும்பும்போது "இப்போது நான்தான் ஓடுகிறேன்" என்று கம்பியில் அறிவிக்கும், ரிவி உடனே அதன் பக்கம் திரும்பும். மகன் பொத்தானை அமத்தித்தான் அது எழும்ப வேண்டும் என்றில்லை, தன்னைப் புதுப்பித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினாலும் இதே அறிவிப்பை விடும். அதே பெட்டி ஒருவரும் தொடாததால் நித்திரைக்குப் போகும்போது ரிவியையும் நூரச் சொல்லும். திரையில் தான் இல்லாத நேரத்தில் அப்படிச் சொல்லக்கூடாது, ஆனால் சில பெட்டிகள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. ஒருக்கா கவனித்துப் பாருங்கோ, மகன் பார்த்து முடித்து விட்டுப்போய் எவ்வளவு நேரத்தில் ரிவி நூர்கிறது? அந்தப் பெட்டியின் மெனுவில் நித்திரை நேரம் என்ன போட்டிருக்கிறது? இரண்டும் ஒத்துவந்தால் ஆளைப் பிடித்தாயிற்று.

ஆகவே நான் சொல்வது, ரிவியிலும் சவுண்ட்பாரிலும் சிஇசி இருக்கட்டும், அவை இரண்டும் கதைத்தே ஆக வேண்டும். அன்ட்ரொயிட் பெட்டியின் வாயை மட்டும் கட்டுங்கோ. அதன் செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ சிஇசி என்று ஒரு பக்கம் இருக்கும். பல பெட்டிகளில் அதற்குள் "ஒன் கீ பிளே", "ஒன் கீ பவர் ஓஃப்" என்று இரண்டு தனிச் சுவிட்ச் காணலாம். முதலாவது ரிவியைத் தன் பக்கம் இழுப்பது, இரண்டாவது ரிவியை நூர்ப்பது. இரண்டையும் நிறுத்துங்கோ. டிஷ் பெட்டியைப் பற்றி யோசிக்க வேண்டாம். எச்டிஎம்ஐ விதிப்படி 13ஆவது ஊசிக்குக் கம்பி இழுக்க வேண்டுமே தவிர அந்த வசதியைப் பாவித்தே ஆக வேண்டும் என்றில்லை, பல டிஷ் பெட்டிகள் அதில் வாயே திறப்பதில்லை.

அது முடிந்த பிறகு ஒருமுறை எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றுங்கோ. ரிமோட்டால் நூர்த்தால் காணாது, பிளக்கையே இழுக்க வேண்டும், எச்டிஎம்ஐ வயர்களையும் கழற்றி ஒரு பத்து நிமிசம் விடுங்கோ. பிறகு ரிவியை மட்டும் போட்டு அது முழுதாக எழும்பட்டும். அடுத்தது சவுண்ட்பார், சத்தம் அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டு டிஷ் பெட்டி, கடைசியில் அன்ட்ரொயிட் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் இடையில் கொஞ்ச நேரம் விட்டால் எண்கள் குழப்பமில்லாமல் அமையும்.

இன்னொன்று. சவுண்ட்பார் கனடாவிலிருந்து வந்தது என்கிறீர்கள். அதன் அடப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கோ. அங்கே 120, இங்கே 230. அப்படி எழுதியிருந்தால் பயமில்லை, வெறும் 120 என்றிருந்து இடையில் ட்ரான்ஸ்போமர் வைத்துப் பாவிக்கிறீர்கள் என்றால் அந்த ட்ரான்ஸ்போமரை ஒருபோதும் கழற்றிவிட்டு நேரே செருக வேண்டாம்.


பருத்தித்துறைக் காற்று எழுதியது:

வயர்மன் அண்ணை வடிவாகச் சொல்லிவிட்டார். ரிமோட்டை உயர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். அதற்கும் சிஇசிக்கும் தொடர்பில்லை. சவுண்ட்பாரை ரிவிக்கு நேர் முன்னால் மேசையில் வைத்திருக்கிறீர்களா? பல ரிவிகளில் ரிமோட்டின் ஒளியை வாங்குகிற கண் கீழ்ச் சட்டத்தில், நடுவிலோ வலது மூலையிலோ இருக்கும். கால் குட்டையான ரிவி என்றால் சவுண்ட்பாரின் முதுகு அந்தக் கண்ணை மறைத்துவிடும். கதிரையில் இருந்து பார்த்தால் மறையும், எழும்பி நின்றால் மேலால் தெரியும், நீங்கள் சொன்ன அதே கதை. சவுண்ட்பாரை ஒரு சாண் முன்னுக்கு இழுத்துக் கீழ்த்தட்டில் வையுங்கோ, இல்லாவிட்டால் ரிவியின் காலுக்குக் கீழே பலகைத் துண்டு கொடுத்து உயர்த்துங்கோ, ஆடாமல் இருக்க வேண்டும்.

ரிமோட் நன்றாக இருக்கிறதா என்பதைப் பார்க்க சாமான் ஒன்றும் வேண்டாம். போனின் முன்பக்கக் கமராவைத் திறந்து, அதற்கு நேரே ரிமோட்டைப் பிடித்து ஒரு பொத்தானை அமத்துங்கோ. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி திரையில் வெளிர் ஊதாவாகத் துடிக்கும். பின்பக்கக் கமராக்கள் சிலவற்றில் அந்த ஒளியை வடிகட்டுகிற கண்ணாடி இருக்கும், அதனால் தெரியாது, முன்பக்கத்தில்தான் பாருங்கோ. துடிப்பு மங்கலாக இருந்தால் பற்றரியை மாற்றுங்கோ.

அன்ட்ரொயிட் பெட்டியின் மெனுவில் அந்தச் சுவிட்சுகள் இல்லாவிட்டால், அல்லது நிறுத்தினாலும் கேட்காவிட்டால், 13ஆவது ஊசி மட்டும் இல்லாத சின்ன இடைமுனை ஒன்று விற்கிறார்கள், பெட்டிக்கும் வயருக்கும் நடுவில் செருகுவது. படமும் ஒலியும் போகும், கட்டளை போகாது. ரவுணில் எலெக்ரோனிக் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்களிடம் சொல்லி விடலாம். அதை அன்ட்ரொயிட் பெட்டியில் மட்டும் போடுங்கோ, சவுண்ட்பார் வயரில் போட்டால் உள்ள ஏஆர்சியும் குழம்பும். பழைய வயரின் ஊசியைக் கத்தியால் சுரண்டி எடுக்கலாம் என்று சில வீடியோக்கள் காட்டுகின்றன, செய்யாதேங்கோ. அந்த ஊசிகள் மிக நெருக்கமாக நிற்கின்றன, பக்கத்து ஊசியில் பட்டால் ரிவியின் வாய் போய்விடும், அப்போதுதான் உண்மையில் போர்ட் மாற்ற வேண்டி வரும்.

எங்கள் பக்கம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் இந்த முனைகள் பச்சை பிடிக்கின்றன. படம் விட்டுவிட்டு வந்தாலோ, ரிவி ஒரு பெட்டியைக் காண்பதும் காணாததுமாக இருந்தாலோ, முதலில் வயரைக் கழற்றி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ. மாரி காலத்தில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றி வையுங்கோ. கூரையிலிருந்து வருகிற அந்த வயர் வழியாக வந்த அடி டிஷ் பெட்டியோடு நிற்காது, எச்டிஎம்ஐயால் ரிவிக்குள்ளும் போகும்.


கொக்குவில் மேற்கு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

அன்ட்ரொயிட் பெட்டியில் பார்த்தேன், நித்திரை நேரம் 30 நிமிசம் என்று இருந்தது. மகன் எட்டரைக்குப் படிக்கப் போவான், ஒன்பது மணி அளவில்தான் அப்பாவுக்கு ரிவி நூர்ந்து போகும். ஒத்துப்போகிறது! வயர்மன் அண்ணை சொன்ன இரண்டு சுவிட்சும் அதே பெயரில் இருந்தன, இரண்டையும் நிறுத்திவிட்டேன். எல்லாவற்றையும் கழற்றி நீங்கள் சொன்ன ஒழுங்கில் போட்டோம். அதன் பிறகு ரிவி நூரவும் இல்லை, தானாக மாறவும் இல்லை. அடப்டரில் 100–240 என்று தெளிவாக இருக்கிறது.

சவுண்ட்பாரைக் கீழ்த்தட்டுக்கு இறக்கியவுடன் ரிமோட் கதிரையில் இருந்தே வேலை செய்கிறது. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், பருத்தித்துறைக்காரருக்கு அவர் பிரத்தியேகமாக நன்றி சொல்லச் சொன்னார்.

ஆனால் சத்தம் இன்னும் இரண்டு இரண்டாகத்தான் ஏறுகிறது. சவுண்ட்பாரை இறக்கிய பிறகு முன்னையை விட அடிக்கடி. இதற்கு என்ன செய்வது?


சுன்னாகம் வயர்மன் எழுதியது:

"இறக்கிய பிறகு அடிக்கடி" என்று எழுதினீர்களே, விடை அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் சவுண்ட்பார் ஒரே கட்டளையை இரண்டு வழியால் வாங்குகிறது. ரிவி ரிமோட்டின் ஒளி ரிவிக்குப் போய், ரிவி அதைச் சிஇசியால் சவுண்ட்பாருக்குச் சொல்கிறது, ஒரு படி. அதே ஒளி நேரடியாகச் சவுண்ட்பாரின் கண்ணிலும் படுகிறது, இன்னொரு படி. பல சவுண்ட்பார்களுக்கு மற்றக் கொம்பனி ரிவி ரிமோட்டுகளின் சத்தப் பொத்தான் விளங்கும், ஏஆர்சி இல்லாத பழைய ரிவிக்காரருக்காக வைத்த வசதி அது. இப்போது தடையில்லாமல் இரண்டு கண்ணும் ரிமோட்டைப் பார்க்கின்றன.

சோதிக்கிற வழி சுலபம். சவுண்ட்பாரின் முன்பக்கத்தில் கண் இருக்கிற இடத்தைக் கையால் வடிவாகப் பொத்திக்கொண்டு ரிவி ரிமோட்டில் ஒருதரம் அமத்துங்கோ. ஒரு படிதான் ஏறினால் இதுதான். பிறகு சவுண்ட்பாரின் கையேட்டில் ரிவி ரிமோட்டால் இயக்குவது பற்றி ஒரு பகுதி இருக்கும், அதை நிறுத்துகிற முறை மொடலுக்கு மொடல் வேறு, சிலவற்றில் அதன் சொந்த ரிமோட்டில் ஒரு பொத்தானைச் சில செக்கன் அமத்திப் பிடிக்க வேண்டும். கையேடு இல்லாவிட்டால் மொடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கொம்பனியின் தளத்தில் எடுக்கலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் கறுப்பு இன்சுலேசன் ரேப்பை அந்தக் கண்ணுக்கு மேல் ஒட்டுங்கோ, ஒரு சுற்றுக் காணாவிட்டால் இரண்டு சுற்று. அதன் சொந்த ரிமோட் ஒளியால் இயங்குவது என்றால் அது வேலை செய்யாமல் போகும், ஆனால் ரிவி ரிமோட்டாலேயே எல்லாம் நடக்கிறதால் நட்டமில்லை.


திருநெல்வேலிச் சந்தி எழுதியது:

வயர்மன் அண்ணை, ஒரு சந்தேகம். எனக்குப் புது ரிவி, அதில் ஈஏஆர்சி என்று போட்டிருக்கிறது. அதில் சிஇசியை நிறுத்தினால் என்ன நடக்கும்?


சுன்னாகம் வயர்மன் எழுதியது:

ஏஆர்சி 2009இல் எச்டிஎம்ஐ 1.4ஓடு வந்தது, ஈஏஆர்சி 2017இல் 2.1ஓடு வந்தது. புதியதில் ஒலியைப் பற்றிப் பேசத் தனிப் பாதை வைத்திருக்கிறார்கள், அதனால் விதிப்படி சிஇசி இல்லாமலும் ஒலி போகலாம். ஆனால் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் ரிவியோடு சேர்ந்து நூர்வதும் பெரும்பாலும் இன்னும் சிஇசியால்தான். ஆகவே உமக்கும் அதே யோசனை, ரிவியையும் சவுண்ட்பாரையும் விட்டுவிட்டு மற்றப் பெட்டிகளில் நிறுத்தும். பிளேஸ்ரேசன் 5 இருந்தால் செட்டிங்ஸில் சிஸ்ரம், எச்டிஎம்ஐ என்று போனால் இழுப்பதற்கும் நூர்ப்பதற்கும் தனித்தனிச் சுவிட்ச் இருக்கிறது.


கொக்குவில் மேற்கு எழுதியது:

கையால் பொத்திப் பார்த்தேன், ஒரு படிதான்! கையேட்டைத் தேடி எடுத்து அதில் சொன்னபடி நிறுத்தினோம், இப்போது 15இல் நிற்கிறது. ரிவியின் மெயின் போர்டுக்கு ஒரு சதமும் செலவழிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. கறண்ட் போய் வருகிறபோது எல்லாம் திரும்பக் குழம்புமா? எல்லாம் ஒரே பல பிளக் பலகையில்தான் இருக்கிறது.


சுன்னாகம் வயர்மன் எழுதியது:

அன்ட்ரொயிட் பெட்டி இனிப் பேசாது என்பதால் அவ்வளவாகக் குழம்பாது. அப்படியும் சில வேளை சத்தம் சவுண்ட்பாரை விட்டு ரிவிக்குள் போய் நின்றால், சவுண்ட்பாரின் பிளக்கை மட்டும் இழுத்து, ரிவி முழுதாக எழும்பிய பிறகு திரும்பச் செருகுங்கோ. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிச் சுவிட்ச் உள்ள பலகை வாங்கினால் இன்னும் சுகம், குனிந்து இழுக்கத் தேவையில்லை. சவுண்ட்பாரின் சுவிட்சில் ஒரு சிவப்பு ரேப் துண்டு ஒட்டி வைத்து, கறண்ட் வந்தால் ரிவி முழுதாக எழும்பிய பிறகு அதைப் போடு என்று மகனிடம் சொல்லி வையுங்கோ, காணும்.